கொல்லங்கோட்டுக்குச் சைக்கிளில் போகிறீர்களா? சித்தூர் வழியாகத் திரும்புங்கள்

பொள்ளாச்சி, கோயம்புத்தூர் பக்கம் ரோடு பைக் வைத்திருப்பவர்களில் எல்லை தாண்டிக் கேரளத்துக் கொல்லங்கோடு போகாதவர்கள் இப்போது குறைவு. 2023-இல் இந்தியாவின் அழகான பத்துக் கிராமங்கள் என்று ஒரு பட்டியல் போன்போனாகச் சுற்றியது, அதில் இந்த ஊர் பெயரும் இருந்தது, அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதிக் கூட்டம் அங்கேதான். மீன்கரை ரோட்டைப் பிடித்து நேரே போவது, வயல் வரப்பில் சைக்கிளைச் சாய்த்து ஒரு போட்டோ, ஓலைக் குடிசைக் கடையில் ஒரு சாயா, வந்த ரோட்டிலேயே திரும்புவது. நல்ல ரைடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வழியில் இருக்கிற சரக்கில் பாதியைத்தான் பார்க்கிறார்கள், அதுவும் கூட்டமான பாதியை. முழுச் சுற்றாக, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம், கொல்லங்கோடு, வண்டித்தாவளம், சித்தூர், நாட்டுக்கல், கோபாலபுரம், மறுபடி பொள்ளாச்சி என்று ஓட்டிப் பாருங்கள். சுமார் 90 கிலோமீட்டர். அணைப் பக்கம் ஒன்றிரண்டு சந்துகளில் நுழைந்து வந்தால் 100 ஆகிவிடும்.

இந்தச் சுற்றின் நடுவில் ஓடுவது ஒரே ஆறு. பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி அம்பராம்பாளையம் பாலத்தில் ஆழியாற்றைத் தாண்டுகிறீர்கள் அல்லவா, அதே தண்ணீர்தான் எல்லை கடந்து சித்தூர்ப் புழையாகப் போகிறது, மதியத்துக்கு முன்னால் சித்தூரில் அதையே மறுபடி தாண்டி வடகரைக்கு வந்து வீடு திரும்புகிறோம். இடையில் வருகிற வாய்க்கால், வயல், குளம் பெரும்பாலானவை இந்த ஆற்றையோ அதற்குத் தெற்கே ஓடும் காயத்ரிப்புழையையோ நம்பியிருப்பவை. பறம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை 7.25 டிஎம்சி தண்ணீரைத் தமிழ்நாடு கேரளத்துக்கு விட வேண்டும். 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தம், 1958-லிருந்து செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள், சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. சைக்கிள்காரனுக்கு இது எதற்கு என்றால், சித்தூர்ப் புழையின் மூலத்தறைத் தடுப்பணையில் வாய்க்கால் திறந்திருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் நீங்கள் பார்க்கப்போவது பச்சையா கட்டாந்தரையா என்பது முடிவாகும். கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பக்கம் தெரிந்தவர் யாரிடமாவது "வாய்க்கால்ல தண்ணி போகுதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வானிலை ஆப்பைவிட அது உபயோகம்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாயில் ஓட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஓட்டாதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு அகலமான இடைவெளி வேறு எங்கும் இல்லை, ஆனி ஆடியில் அரபிக்கடல் காற்று மொத்தமும் இந்தச் சந்தில்தான் நுழைந்து கொங்குப் பக்கம் வருகிறது. அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை விடிகாலையில், காற்று எழும்புவதற்கு முன்னால் மேற்கே போய்விட வேண்டும். திரும்பும்போது அது முதுகைப் பிடித்துத் தள்ளும். இது சும்மா வசதிக்காகச் சொல்வதில்லை, பொள்ளாச்சி கிட்டத்தட்ட 290 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொல்லங்கோடு அதைவிட நன்றாகத் தாழ்ந்த ஊர். போகும்போது "இன்னிக்கு கால் சூப்பரா ஓடுது" என்று தோன்றும், கால் ஓடவில்லை, ரோடு இறங்குகிறது. அந்தக் கடனையெல்லாம் நாட்டுக்கல் தாண்டியதும் வட்டியோடு கட்ட வேண்டும். கண்ணுக்கு ஏற்றமே தெரியாது, கியர் மட்டும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

மார்கழி, தை மாதங்களில் நிலைமை தலைகீழ். கிழக்குக் காற்று காலையிலேயே வறட்டு வறட்டென்று அடிக்கும். பொள்ளாச்சியிலிருந்து கிளம்பினால் போகும்போது பறப்பீர்கள், திரும்பும்போது ஏற்றமும் எதிர்காற்றும் சேர்ந்து அழவைக்கும். அந்தப் பருவத்தில் காரிலோ ரயிலிலோ சைக்கிளைக் கொண்டுபோய்ச் சித்தூர்ப் பக்கமிருந்து கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். தெம்பு இருக்கும்போதே பொள்ளாச்சிக்கு ஏறிவிட்டு, அப்புறம் காற்றோடு இறங்கி வந்துவிடலாம். மார்ச், ஏப்ரலில் வேண்டவே வேண்டாம், பாலக்காடு 40 டிகிரியைத் தொடும் மாதங்கள்.

சரி, ரோட்டுக்கு வருவோம். அம்பராம்பாளையம் வரை தென்னந்தோப்பும் லாரியும். கோவிந்தாபுரம் எல்லையில் டிப்பர் லாரிகள் தொல்லை, ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகிறவை, வெறும் வண்டியாகத் திரும்பும்போது இன்னும் வேகம். ஓரமாக ஓட்டலாம் என்றால் ஓரத்தில் சிந்திய ஜல்லி. ஆறு மணிக்கு முன்னால் இந்த இடத்தைக் கடந்துவிட்டால் நிம்மதி. இந்தச் சுற்றுக்கு நான் மதிப்பெண் குறைப்பதில் பாதி இந்தப் பகுதிக்குத்தான்.

எல்லை தாண்டியதும் இடது கையில் மலை எழுந்துவிடும். நெல்லியாம்பதி மலையின் வடக்கு முகம், அங்கே தென்மலை என்பார்கள், கொல்லங்கோடு தாண்டும் வரை கூடவே வரும். மழைக்காலத்தில் அந்தப் பாறைச் சுவரில் வெள்ளை வெள்ளையாக நூல் தொங்கும், எல்லாம் அருவி. சீதார்குண்டு அவற்றில் பெயர் வாங்கியது. காம்பிரத்துச்சள்ளைப் பக்கம் மீன்கரை அணை, அதற்குத் தெற்கே சுள்ளியாறு அணை. இரண்டும் சின்ன அணைகள், ஆழியாறு மாதிரி பூங்கா, படகு என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். காலையில் கரையோரச் சேற்றில் நத்தைகுத்தி நாரை நிற்கும், அரிவாள் மூக்கன் நிற்கும், நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருக்கும். மயிலைப் பற்றி எழுதவே போவதில்லை, அங்கே கோழிக்கும் மயிலுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆனால் ஒன்று, முன்சக்கரத்துக்கு நேராகத் திடீரென்று ஓடி வருவது நாயைவிட மயில்தான் அதிகம், இறக்கத்தில் பிரேக்கில் விரல் இருக்கட்டும்.

சுள்ளியாறு பக்கம் மலையடிவாரத்துக்குப் போகிறவர்கள் வெளிச்சம் வந்த பிறகு போங்கள். மாந்தோப்புக்கு யானை இறங்குகிற இடம். முதலமடை மாங்காய் நாட்டிலேயே சீக்கிரம் சந்தைக்கு வருகிற ரகம், நம் ஊரில் பூவே சரியாகப் பிடிக்காத காலத்தில் அங்கே பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்காகப் பூ எடுக்கும் பருவத்தில் மருந்து பலமாக அடிப்பார்கள், அந்த வாடை ரோடு வரைக்கும் வரும், அப்போது நான் தோப்புச் சந்துகளை விட்டுவிட்டுப் பெரிய ரோட்டிலேயே போய்விடுவேன். முதலமடை ரயில் நிலையத்தை மட்டும் எந்தப் பருவத்திலும் விட வேண்டாம். பிளாட்பாரத்தில் ஆலமரங்கள் விழுதோடு குடை பிடித்து நிற்கின்றன, சினிமாக்காரர்கள் தேடி வருவதில் ஆச்சரியமே இல்லை. பொள்ளாச்சி–பாலக்காடு பாதை அகலப்பாதையாகி 2015-இல் திறந்தபோது இந்த மரங்கள் தப்பித்தது அதிர்ஷ்டம்தான். பாட்டில் நிரப்ப, சாக்ஸைக் கழற்றிக் காலை ஆற்ற இதைவிட நல்ல இடம் இந்தச் சுற்றில் கிடையாது.

கொல்லங்கோடு. அழகான ஊர், அதில் சந்தேகமில்லை. மலை, அதன் காலடியில் வயல், நடுநடுவே கரும்பனை, அந்த வரிசையை யார் அடுக்கினாலும் இப்படி அமையாது. ஆனால் ஞாயிறு எட்டு மணிக்கு மேல் போனால் வயல் ரோட்டில் கார் நிறுத்தி, ட்ரோன் பறக்கவிட்டு, கல்யாண ஜோடிகளை வரப்பில் நடக்கவிட்டு ஒரே அமர்க்களம். ஒரு குடிசைக் கடையில் கட்டன் சாயா கேட்டதற்கு, "வீடியோ எடுக்கறாங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்கள். சாயா வரவே இல்லை. இன்னொன்று, வரப்பு என்பது யாரோ ஒருவருடைய வயல், அதில் சைக்கிளை ஏற்றாதீர்கள். நடவு நட்ட அன்று வரப்பு உடைந்தால் தண்ணீர் வடிந்துவிடும், அங்கே உள்ளவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. கூட்டம் பிடிக்காதவர்கள் பயலூர்ப் பக்கம் காச்சாங்குறிச்சிப் பெருமாள் கோயில் வரை போய் வரலாம்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது. எல்லோரும் இந்த இடத்தில் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாமல் வடக்கே போங்கள். புதுநகரம் வழியாகப் பெரிய ரோடு உண்டு, வண்டி அதிகம். பட்டஞ்சேரி, வண்டித்தாவளம் வழியாகச் சின்ன ரோடுகள் இருக்கின்றன, அதைப் பிடியுங்கள். பல இடங்களில் ரோட்டுக்குப் பக்கத்திலேயே வாய்க்கால் வரும், நாம் போகிற வேகத்தில் தண்ணீரும் வரும். மதகு இருக்கிற இடத்தில் பையன்கள் குதித்துக்கொண்டு இருப்பார்கள், துணி துவைக்கிற அம்மாக்கள் அவர்களைத் திட்டிக்கொண்டு இருப்பார்கள். இரண்டு பக்கமும் வயல், குளம் வந்தால் தாமரை, தாமரை இலைமேல் இலைக்கோழி நீளமான விரலை எடுத்து எடுத்து வைத்து நடக்கும். ஆனியில் நடவு. கயிறு கட்டி அதன் நேருக்கு நாற்று ஊன்றிக்கொண்டே பின்னால் போகிறார்கள், பார்த்தால் வங்காளத்து ஆட்கள், பாட்டும் வங்காளப் பாட்டு. அறுப்புக்கு வருகிற மிஷின் நம் தமிழ்நாட்டு நம்பர் பிளேட். வயல் மட்டும்தான் உள்ளூர் போல.

நம் பக்கம் நெல் போட்ட இடமெல்லாம் தென்னை ஆகிவிட்டது, இவர்கள் மட்டும் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி. காரணம் பல, அதில் ஒன்று 2008-இல் கேரளம் கொண்டுவந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம். வயலை மண் கொட்டி மேடாக்கி வீட்டுமனை போடுவது அங்கே சுலபமில்லை. ஓட்டை இல்லாத சட்டமில்லை, ஆங்காங்கே மேடான வயலில் வீடு நிற்பதையும் பார்ப்பீர்கள், ஆனாலும் இந்தப் பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் இன்னும் பச்சையாகக் கிடக்கிறது.

வண்டித்தாவளம் பக்கம் ரோட்டோரம் ஒரு சின்னக் கடை, பெயர்ப் பலகைகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் பரிப்புவடையும் பழம்பொரியும். கடைக்கார அம்மா வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள், இந்தச் சித்தூர் தாலுகாவில் அப்படிக் குடும்பங்கள் ஏராளம்.

"எங்கிருந்து வர்றீங்க தம்பி?"

"பொள்ளாச்சிங்கம்மா."

"அங்கிருந்து மிதிச்சேவா? ஏன் சாமி, பஸ்ஸு ஓடலையா?"

ஹெல்மெட்டையும் இறுக்கமான டவுசரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பெரியவரிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். கேட்காமலே இரண்டாவது வடை வந்தது. வடை மொறுமொறுவென்று, உள்ளே பருப்பு பாதி முழுசாக, பச்சை மிளகாய் கடிபட்டதும் கட்டன் சாயாவை எடுக்க வேண்டியிருந்தது. கொல்லங்கோட்டில் போட்டோவுக்கு வைத்திருக்கிற சாயாவுக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

தத்தமங்கலம் தாண்டிச் சித்தூர். இங்கே ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். தெற்கு கிராமத்தில் ஆற்றங்கரையில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது, மலையாளத்துக்குத் தகப்பன் என்று அவர்கள் கொண்டாடுகிறவர் கடைசிக் காலத்தில் தங்கிய இடம். அக்கிரகாரத் தெரு, படித்துறை, ஆறு, கொஞ்ச நேரம் உட்காரலாம். ஷூவோடு உள்ளே போகாதீர்கள், பெடலில் மாட்டுகிற கிளீட் வைத்த ஷூ படியில் வழுக்கவும் செய்யும். இதே சித்தூரில் மாசி மாத வாக்கில் கொங்கன் படை என்று ஒரு திருவிழா. கொங்கு நாட்டுப் படை வந்து ஊரைத் தாக்கியதும் பகவதி அதைத் தோற்கடித்ததும்தான் கதை. கொங்கன் யார்? நாம்தான். பொள்ளாச்சி நம்பர் வண்டியில் போய் அந்த விழாவைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நன்றாகவே கவனிக்கிறார்கள்.

மழை பலமாக இருக்கும் நாட்களில் சித்தூர்ப் புழையில் இருக்கிற தாழ்ந்த பாலங்களைக் குறுக்குவழி என்று நம்பாதீர்கள். நிலம்பதி என்பார்கள், வெள்ளம் வந்தால் பாலத்துக்கு மேலேயே போகும். மேப் அது திறந்திருப்பதாகத்தான் காட்டும். பெரிய பாலத்தில் போங்கள்.

ஆற்றைத் தாண்டி நல்லேப்பிள்ளி, நாட்டுக்கல், வண்ணாமடை என்று கிழக்கே திரும்பியதும் நிலம் மாறிவிடும். பச்சை குறைந்து செம்மண்ணும் பனையும் தென்னையும். மழை மறைவுப் பகுதி, ஆழ்துளைக் கிணற்றை நம்பி ஓடுகிற வாழ்க்கை. கேரளம் முழுக்கக் கள்ளுக்கடைகளுக்குப் போகிற கள்ளில் பெரும்பங்கு இந்தத் தாலுகாத் தென்னையில் இறங்குவதுதான். ரோட்டோரம் கள்ளு ஷாப்புப் பலகைகள் கண்ணடிக்கும், கப்பையும் மீன்கறியும் மணக்கும். கறி சாப்பிடுங்கள், கள்ளை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் ஏற்றம் பாக்கி. அழகு என்று பார்த்தால் இந்தக் கடைசி 30 கிலோமீட்டர் சுமார்தான், ஆடிக் காற்று தள்ளினால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், காற்று இல்லாவிட்டால் பாட்டுக் கேட்டுக்கொண்டே மிதிக்க வேண்டியதுதான்.

நேரமில்லாதவர்கள் சித்தூர் வரை போகாமல் வண்டித்தாவளத்திலிருந்தே கன்னிமாரி, மீனாட்சிபுரம் வழியாகத் திரும்பிவிடலாம், நல்ல சுருக்கம். அந்த வழியில்தான் பிளாச்சிமடை. 2000-இல் கோகோ கோலா ஆலை அங்கே வந்தது, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று 2002 ஏப்ரலில் மயிலம்மாவும் மற்ற ஆதிவாசி மக்களும் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள், 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. இப்போது பார்க்க மதில் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் முன்னூறு மில்லி எலக்ட்ரால் தண்ணீருக்காகத் தவித்துக்கொண்டு அந்த மதிலை ஒட்டிச் சைக்கிளில் போகும்போது ஒரு மாதிரி இருக்கும்.

சைக்கிள் விஷயம். 25 மில்லிமீட்டர் டயரில் ஓட்டலாம், ஆனால் வண்டித்தாவளம் பக்கச் சின்ன ரோடுகளில் உள்ள ஒட்டுகளும் பள்ளமும் முதுகைக் கேட்கும், 28 அல்லது 32 போட்டால் நிம்மதி. அறுப்புக் காலத்தில் ரோட்டில் வைக்கோல் காயப்போட்டிருப்பார்கள், அது செயினில் சுற்றினால் பிடுங்கி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், இறங்கித் தள்ளிப் போவது உத்தமம். கூடவே இரண்டு ட்யூப் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் எல்லா ஊரிலும் சைக்கிள் கடை இருக்கிறது, ஆனால் ஒல்லி வால்வு ட்யூப் கிடைக்காது. கூட வந்த தம்பிக்குப் பஞ்சர் ஆனபோது ஒரு கடையில் அண்ணன் ஒருத்தர் பத்து நிமிஷம் அந்த வால்வையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காத்து எந்த வழியாங்க போகும்?" என்று கேட்டார். நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் அந்தக் கடை பம்பே போதும்.

என் கணக்கில் ஐந்துக்கு நாலு. டிப்பர் லாரிக்கு அரை, கடைசி ஏற்றத்துக்கு அரை கழித்துவிட்டேன். முதல்முறை போகிறவர்கள் ஆடி மாதம் ஒரு வேலை நாளில், காலை ஐந்து மணிக்குப் பொள்ளாச்சியில் கிளம்புங்கள். வெளிச்சம் வரும் வரை பின்னால் சிவப்பு லைட் கட்டாயம். ஏழு மணிக்குள் முதலமடை, எட்டரைக்குள் கொல்லங்கோடு, பத்து மணிக்கு வண்டித்தாவளத்தில் வடை என்று வைத்துக்கொண்டால் வெயில் ஏறுவதற்குள் சித்தூர்ப் பாலத்தைத் தாண்டிவிடலாம். கடைகளில் போன் பே வேலை செய்யும், சின்னக் கடைகளில் சிக்னல்தான் இருக்காது, கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.